அத்திவாரத்தில் காய்த்த பூசணி

கல்முனை,
21.09.1980

சவூதி அறேபியா, தம்மாம் நகரில் தொழில் பார்க்கும் கண்ணியத்துக்குரிய மருமகனார் றஊப் அவர்களுக்கு மாமா மீராசாஹிபு எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் அருளால் இங்கே நான், மாமி சரீபா, உங்கள் மனைவி கமீலா, கோழிகள் எல்லாரும் சுகம். அங்கே வெயில் பொல்லாதது என்று வானொலியில் சொன்ன நாளிலிருந்து மாமி ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் உங்களுக்காக ஒரு நிழல் கேட்டு துஆச் செய்கிறாள். இங்கே கட்டட வேலைக்கென்று வாங்கி அடுக்கிய சிமெந்துப் பைகள் மட்டும் சற்றுச் சுகமில்லை. அதைக் கடைசியில் எழுதுகிறேன்.

சித்திரையில் வந்த கடிதத்தில், ஹஜ்ஜுப் பெருநாளைக்கு வரும்போது வீட்டோடு சேர்த்து, வருகிறவர்கள் இருக்கப் பெரிய ஹோல் ஒன்று கட்டப்போவதாகவும், முதற்கல்லை உங்கள் கையால் வைக்கப்போவதாகவும், அதற்குமுன் அத்திவாரக் கிடங்கை வெட்டி ஆயத்தமாக வைத்திருக்கும்படியும் பணித்திருந்தீர்கள். பணித்தபடியே மேசன் ஜவுபரைப் பிடித்து, கயிறு கட்டி, அளந்து, சூறாவளி சாய்த்த தென்னைகள் நின்ற அந்த வெறும் நிலத்தைச் சுற்றி வைகாசியிலேயே கிடங்கு வெட்டி முடித்துவிட்டேன். இனி மருமகன் வந்து கல்லை வைத்தால் சுவர் தானாக எழும்பும் என்று சொல்லிவிட்டுப் போன ஜவுபர், ஆனி பிறக்க முன்னர் தானும் சவூதிக்குப் பறந்துவிட்டார். உங்கள் பக்கம்தான் வந்திருக்கிறாராம். வீடு கட்டுவதற்காக நீங்கள் அங்கே உழைக்கிறீர்கள், அந்த வீட்டைக் கட்ட வேண்டியவரும் அங்கேயே வந்து உழைக்கிறார், கிடங்கு மட்டும் இங்கே வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறது. அவரைக் கண்டால் என் ஸலாத்தைச் சொல்லுங்கள். மட்டப்பலகையை இங்கே மறந்துவிட்டுப் போனார் என்பதையும் சொல்லுங்கள். அது பத்திரமாக இருக்கிறது, ஒரு வேலையும் பார்க்கிறது.

வெறுங்கிடங்கு என்றால் பெண்களுக்குக் கை சும்மா இராது. மாமி மீன் கழுவின தண்ணீரை அதில் ஊற்றத் தொடங்கினாள். கூட்டின குப்பை, சாம்பல், மீன் செதில், கறிக்கு அரிந்த காயின் குடல் எல்லாம் அதற்குள்ளே போயின. நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். "கிடங்க மூடத்தானே போறம், அதுவரைக்கும் கெடக்கட்டும்" என்றாள். கடற்கரை மணல் என்ன குடித்ததோ, ஒரு நாள் விடியச் சுபஹுத் தொழுகைக்குத் தண்ணீர் அள்ளப் போனால் கிடங்கின் ஒரு மூலையிலிருந்து மறுமூலை வரை பூசணி முளைத்திருக்கிறது. அதை நான் நடவில்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும். தண்ணீர் ஊற்றினேன், அது உண்மை. தாகமாக நிற்கிற சீவனுக்குத் தண்ணீர் கொடுக்காதே என்று எந்தக் கிதாபிலும் இல்லை. பிறகு அது படர்ந்த வேகம் சொல்லி மாளாது. கிடங்கு நிறைந்து, வெளியே ஏறி, விறாந்தைத் தூணைப் பிடித்து, யாருக்கும் இரவல் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் நிறுத்திவிட்டுப் போன சைக்கிளையும் சுற்றிக்கொண்டது. அந்த வகையில் சைக்கிளை இனி ஒருவரும் இரவல் கேட்க முடியாது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கூடாது என்பார்கள். நானோ ஒரு வளவுப் பூசணியைக் கடிதத்தில் மறைக்கப் பார்க்கிறேன், அது சரியில்லை. ஆகவே திறந்தே சொல்லிவிடுகிறேன். நம் ஊர் வழக்கப்படி கமீலாவுக்கு இந்த வீட்டையும் வளவையும் சீதனமாக எழுதிக் கொடுத்துவிட்டு நானும் மாமியும் குசினிக்குப் பின்னால் ஒற்றை அறைக்குள் ஒதுங்கினோம். அதில் எனக்கு ஒரு மனக்குறையும் இல்லை, என் மாமனாரும் எனக்காக அப்படித்தான் ஒதுங்கினார். ஆனால் பென்சன் எடுத்த மனிதனுக்கு விடிந்தால் போய்ப் பார்க்க ஏதாவது ஒன்று வேண்டும். சூறாவளிக்குப் பிறகு அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே எனக்கு மனம் வராமல் இருந்தது. இப்போது கண் விழித்ததும் கால் அங்கேதான் போகிறது. பிஞ்சு எத்தனை விரற்கடை பருத்திருக்கிறது என்று பார்த்தால்தான் தேநீர் இறங்குகிறது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

நிற்க. காய்கள் பருக்கப் பருக்கப் படலையடியில் நின்று பார்க்கிற கூட்டமும் பருத்தது. "என்ன காய் இது, ஆட்டுக்குட்டி மாதிரி இரிக்கி!" என்று ஒருவர் சொல்லிவிட்டுப் போன அன்றே மூன்று பிஞ்சு மஞ்சளாகி விழுந்தன. சந்தேகமில்லாமல் கண்ணூறு. ஒரு வெருளி கட்டுங்கள் என்று மாமி நச்சரித்தாள். வெருளிக்குக் கை வேண்டும், ஜவுபரின் மட்டப்பலகையைக் குறுக்கே வைத்துக் கட்டினேன், இரண்டு கையும் வெகு மட்டமாக வந்தன. தலைக்குச் சுண்ணாம்பு பூசின பழைய பானை. உடுப்புக்குத்தான் தேட வேண்டியிருந்தது. நீங்கள் பயணம் போக முந்திய பெருநாள் தொழுகைக்கு உடுத்துவிட்டு ஆணியில் கொழுவிப்போன பெரிய பூப்போட்ட பச்சைச் சேட்டின் கொலரை எலி அரித்துவிட்டதாலும், அது இனி உங்களுக்கு உதவாது என்று நான் தீர்மானித்ததாலும், அதை எடுத்து மாட்டினேன். காலுக்கு மாட்டிய களிசானும் உங்களுடையதுதான். இவ்வளவோடு விட்டிருக்கலாம். மாமிதான், "ஆம்புள ஒண்டு வெறுந்தலையோட வளவுக்குள்ள நிண்டா நல்லாவா இரிக்கும்" என்று உங்கள் தொப்பி ஒன்றைக் கொண்டுவந்து பானைக்கு வைத்துவிட்டாள். வேலிக்கு வெளியே போகிற ஒழுங்கைக்கு முதுகைக் காட்டியபடி, பூசணிக் கொடிக்குள்ளே முழங்கால் புதைய நின்ற அதைப் பார்த்தபோது எனக்கே ஒருகணம் மரியாதை வந்தது.

அன்று அசர் தொழுகைக்குப் போனால் பள்ளியில் ஒருவரும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. தொழுகை முடிந்த பிறகு, பாங்கு சொல்கிற மோதினார் காலிதீன் காக்கா என்னை ஒரு பக்கமாக அழைத்தார். அவருக்கு இப்போது கண்பார்வை மட்டு என்பது உங்களுக்குத் தெரியும்.

"மீராசாஹிபு, கோவிக்காத. உன்ட மருமகன் வந்தது சந்தோசம். ஆனா நான் வேலிக்கு இஞ்சால நிண்டு மூணுதரம் ஸலாம் சொன்னன். திரும்பியும் பாக்கல்ல. ஸலாத்துக்குப் பதில் சொல்றது கடமயில்லயா? சவூதியில இதையுமா மறந்திட்டாரு?"

"காக்கா, அது வெருளி" என்றேன்.

"ஓம், ஓம். ஒரு மாமன் மருமகன இப்பிடித்தான் விட்டுக்குடுக்காமக் கதைக்கணும்" என்று என் தோளில் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

மறுநாள் விடியுமுன் விசாக் கேட்டு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வெருளி என்று சொல்லச் சொல்ல, மருமகனை ஒளித்து வைத்திருக்கிறேன் என்று ஊர் உறுதியாக நம்பியது. அதையும் பொறுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு நடந்ததைத்தான் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. நூல் வாங்கக் கல்முனைக்கு வந்த ஒருவர் வழியாகச் செய்தி மருதமுனைக்குப் போய், தறியில் இருந்த உங்கள் உம்மாவின் காதுக்கு எட்டிவிட்டது. அவர் போட்ட நாடாவைப் போட்டபடி விட்டுவிட்டு, உங்களுக்கென்று நெய்து மடித்து வைத்திருந்த சாரனைப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டார். நாங்கள் யாரும் காணவில்லை. குசினிக்குள்ளே மாமி தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள், நான் கிணற்றடியில். படலை திறந்த சத்தமும் அதற்குப் பின்னால் உங்கள் உம்மாவின் குரலும்தான் கேட்டன.

"வந்திட்டியா மனே? எப்ப வந்தாய்? பெத்தவளப் பாக்காம நேரா பொஞ்சாதி ஊட்டுக்கே வந்திட்டாய், என்ன? சரி, கலியாணம் முடிச்சிக் குடுத்தா ஆம்புளப் புள்ள அடுத்த ஊடுதான், எனக்குத் தெரியும். ஆனா ஒரு எட்டு, ஒரே ஒரு எட்டு உம்மாட மொகத்தப் பாத்திட்டு வர ஒனக்கு ஏலாமப் போயிட்டா?"

வெருளி என்ன சொல்லும்?

"ரெண்டு கையையும் விரிச்சிட்டு நிக்கிறாய். ஆரக் கட்டிப் புடிக்க? திரும்பு மனே. நான் பேசமாட்டன். திரும்பு."

நான் வாளியைப் போட்டுவிட்டு ஓடினேன். "மதினி, மதினி, அது றஊப் இல்ல!" என்று கத்தினேன். அதற்குள் அவர் கொடியை மிதித்துப் போய்த் தோளைத் தொட்டுவிட்டார். பானை உருண்டு கிடங்குக்குள்ளே விழுந்தது. தொப்பி ஒரு பூசணிக்காயின் மேல் போய் நின்றது. உங்கள் உம்மா கிடங்கின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கத்தான் தொடங்கினார். பிறகு அது அழுகையாகிவிட்டது. மாமியும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அழுதாள். நானும் அழுதேன் மருமகனே, வெங்காயம் அரிந்தேன் என்று சொல்லக்கூடக் கையில் வெங்காயம் இருக்கவில்லை.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் முதலில் கேட்டது, "இந்தக் கிடங்கு என்னத்துக்கு?" என்பதுதான். ஹோலுக்கு என்று சொன்னேன். நீளமும் அகலமும் சொன்னேன். அவர் அதைக் கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"இது கட்டி முடிய இன்னம் எவ்வளவு காலத்துக்கு அவன் அங்க நிக்கணும்?"

நான் கிடங்குக்குள்ளே உருண்ட பானையை எடுக்கக் குனிந்தேன். அப்போது கதவுக்குப் பின்னால் நின்ற கமீலா, அவள் உங்கள் உம்மாவுக்கு முன்னால் வாய் திறக்காதவள் என்பது உங்களுக்குத் தெரியும், "எனக்கு ஹோல் வேணாம் மாமி" என்றாள். "அவரு ஆசப்பட்டு எழுதுறாரு. வேணாமெண்டா மனம் நோகுமெண்டு நான் ஒண்டும் எழுதல்ல" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் எழுதாததை நான் எழுதியதற்கு அவளைக் கோவிக்க வேண்டாம்.

மாரி மழை இறங்கினால் கிடங்கில் கிடக்கிற காய் அழுகிப்போகும் என்பதால் அன்றே எல்லாருமாகச் சேர்ந்து அறுவடையை முடித்தோம். விறாந்தை நிறையப் பூசணி. முதற்காயைப் பள்ளிக்கு அனுப்பினேன், மோதினாருக்குத் தனியாக ஒன்று, ஸலாத்துக்குப் பதிலாக. ஆகப் பெரியதை உங்கள் உம்மாவுக்குக் கொடுத்தேன், பஸ்ஸில் அதற்கு ஓர் ஆசனம் வேண்டியிருந்தது. பூப்போட்ட சேட்டையும் அவர் கேட்டு வாங்கிக்கொண்டார். கமீலா துவைத்துத் தருகிறேன் என்றதற்கு, வேண்டாம் என்றுவிட்டார்.

எது எப்படியானாலும் உங்கள் சொல் எங்களுக்குச் சொல்தான், வீட்டுக்கு உடையவர் நீங்கள். ஆகவே கொடியைப் பிடுங்கிக் கிடங்கைத் துப்புரவாக்கியாகிவிட்டது. ஆலையடிவேம்பிலிருந்து தம்பிமுத்து என்ற நல்ல மேசனுக்குச் சொல்லியிருக்கிறேன், நாளை வந்து பார்ப்பார். நீங்கள் வந்து இறங்குகிற அன்று கிடங்கு வெறுமையாக, நீங்கள் கேட்டபடியே இருக்கும். எனக்கு இதில் ஒரு வருத்தமும் இல்லை. மாமியும் கமீலாவும் தங்கள் ஸலாத்தைச் சொல்லச் சொன்னார்கள். அல்லாஹ் உங்கள் உழைப்பில் பறக்கத்தையும், உடம்பில் ஆரோக்கியத்தையும், பெருநாளைக்கு முன்னர் விமானத்தில் ஓர் இடத்தையும் தருவானாக, ஆமீன்.

இங்ஙனம்,
துஆவை மறவாத மாமா,
மீராசாஹிபு

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்ட முன்னர் இரண்டு நாள் கடந்துவிட்டதால் இதையும் எழுத வேண்டியுள்ளது. கொடியைப் பிடுங்கியாகிவிட்டது என்று எழுதியபோது பிடுங்குவதாகத்தான் இருந்தேன். கை வைத்த இடத்தில் புதிதாக ஒரு பூ நின்றது, அதனால் நாளைக்கென்று விட்டேன். மறுநாள் தம்பிமுத்து மேசன் வருமுன் முதல் பஸ்ஸில் உங்கள் உம்மா வந்து, கிடங்கின் மற்றப் பக்கம் முழுவதும் பயற்றை போட்டுவிட்டார். மேசனைப் படலையடியிலேயே நிறுத்தி, "முளச்ச பொறகு வாங்க" என்றார். முளைத்த பிறகு அவர் வந்தால், "காய்ச்ச பொறகு" என்று சொல்வார் போல் தெரிகிறது. சம்பந்தியை எதிர்த்துக் கதைக்க எனக்கு ஏலாது, உங்களுக்கு ஏலுமென்றால் நேரில் வந்து கதையுங்கள். சிமெந்து எல்லாம் பையோடு கல்லாக இறுகிவிட்டது, அதில் ஒன்றைக் கிடங்கோரம் உருட்டிப்போட்டு அதன்மேல்தான் அவர் உட்காருகிறார். அந்த வகையில் முதற்கல் வைத்தாயிற்று. ஆகையால் மேலே உள்ளதில் ஸலாத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுங்கள். உங்கள் உம்மா சொன்னதை மட்டும் அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஊட்டுல எடம் காணாதெண்டுதானே ஹோல் கட்டப் போறான். எடமிரிக்கி எண்டு எழுதுங்க. வெருளி நிண்ட எடமும் இப்ப சும்மாதான் கெடக்கு, வந்து நிக்கச் சொல்லுங்க."