மூன்றாவது சரணமும் ஆபரேட்டர் அங்கிளும்

எங்கள் சபையில் ஆண்டவருக்கு அடுத்த அதிகாரம் பாஸ்டருக்குத்தான் என்று நம்பியவர்கள் எல்லாம் புதிதாக வந்தவர்கள். பழைய ஆட்களுக்கு உண்மை தெரியும். அந்த அதிகாரம் ஆபரேட்டர் அங்கிளிடம் இருந்தது. பாஸ்டர் "எழுந்து நிற்போம்" என்றால் பாதிப்பேர் எழுந்திருப்பார்கள். ஆபரேட்டர் அங்கிள் விளக்கை அணைத்தால் மொத்தச் சபையும் வாயை மூடிவிடும்.

அவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்க வேண்டும். அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாஸ்டருக்கே அது மறந்துபோயிருந்தது. தி.நகரில் ஒரு சினிமா தியேட்டரில் படம் ஓட்டுகிற ஆபரேட்டர் அவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும், மேட்னி ஷோ தொடங்கும்வரை, எங்கள் சபையில் ஊழியம். சபை என்றால் கோபுரம், மணி எல்லாம் கற்பனை செய்ய வேண்டாம். மந்தைவெளியில் ஒரு பாத்திரக்கடையின் மாடி. கீழே குண்டான் விழுந்தால் மேலே ஆமென் சொல்வோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பாட்டுப் புத்தகத்தில் இல்லாத புதிய பாடல்கள், கிடார் கீபோர்டு சகிதம், கேசட் கேசட்டாக வந்து இறங்கிக்கொண்டிருந்தன. வாரத்துக்கு ஒரு புதுப்பாட்டு. அதற்கெல்லாம் புத்தகம் அச்சடித்துக் கட்டுப்படியாகாது என்று பாஸ்டர் ஒரு ஓவர்ஹெட் புரொஜெக்டர் வாங்கினார். பிளாஸ்டிக் ஷீட்டில் பாட்டை எழுதி அந்த மெஷின்மேல் வைத்தால் எழுத்து சுவரில் பெரிதாக விழும். சபை அதைப் பார்த்துப் பாடும். "படம் காட்டுற மெஷின்தானே, நம்ம அண்ணன் பார்த்துக்குவாரு" என்று பாஸ்டர் வாய்தவறிச் சொன்னார். அன்று பிடித்தது வினை.

முதல் ஞாயிறே, மூன்றாவது பாட்டு முடிந்ததும் சுவரில் கொட்டை எழுத்தில் "இடைவேளை" என்று விழுந்தது.

"அண்ணே, என்னண்ணே இது?" என்று பாஸ்டர் பதறினார்.

"இன்டர்வெல் பாஸ்டர். ரீல் மாத்த வேணாவா?"

"இதுல ரீலே இல்லியேண்ணே!"

"ரீல் இல்லன்னா இன்னா, ஜனம் கீதில்ல? அடுத்தது உங்க பிரசங்கம் வேற. ஒரு டீ அடிச்சுட்டு வந்தா தாங்கும்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் பாதிச் சபை டீக்கடையில் இருந்தது. அன்றுமுதல் எங்கள் ஆராதனையில் இடைவேளை நிரந்தரமாயிற்று. வேறு சபைகளிலிருந்தே அதற்காக ஆட்கள் வரத் தொடங்கினார்கள்.

ஒருநாள் ஷீட்டின்மேல் ஒரு எறும்பு ஏறிவிட்டது. சுவரில் அது எருமைக்கடா அளவுக்கு விழுந்து, "சத்துருவை மிதிப்பேன்" என்ற வரியின்மேல் சாவகாசமாக நடந்தது. குழந்தைகள் அலறின. "ஊதித் தள்ளுங்கண்ணே" என்று பாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். "இருக்கட்டும் பாஸ்டர், இன்னிக்குதான் இந்தப் பாட்ட ஜனம் பயந்து பாடுது" என்றார் அங்கிள்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது அவருடைய கத்திரி. எந்தப் பாட்டுக்கு ஜனம் எழுந்து வெளியே பீடி பிடிக்கப் போகிறதோ, அந்தப் பாட்டை அடுத்த ஷோவில் நறுக்கிவிடுவது தியேட்டர் வழக்கம். அதே சட்டத்தைச் சபைக்கும் கொண்டுவந்தார். மெஷின் பக்கத்தில் ஸ்டூல் போட்டு, சுவரைப் பார்க்காமல் ஜனத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். யாராவது கடிகாரம் பார்த்தாலோ, குழந்தைக்கு ஒன்றுக்கு வருகிறது என்று தாய்மார்கள் கிளம்பினாலோ, ஷீட்டை உருவி அடுத்த பாட்டைப் போட்டுவிடுவார். கிடார் வாசித்துப் பாட்டு நடத்துகிற பிரேம் பரவசத்தில் கண்ணை மூடிப் பாடுகிறவன். அவன் நான்காவது சரணத்தில் இருப்பான், சபை அடுத்த பாட்டின் பல்லவியில் இருக்கும்.

நாகர்கோவிலிலிருந்து விருந்தினராக வந்த ஒரு பெரிய ஊழியர், தாமே எழுதிய ஏழு சரணப் பாட்டைக் கொடுத்தார். இரண்டு சரணத்தில் அது முடிந்தது.

"மீதி அஞ்சு சரணம் எங்கே?" என்றார் அவர், முகம் சிவந்து.

"ஓடலீங்க ஐயா. பி சென்டர்ல, சின்ன ஊர் கொட்டாயில போட்டுப் பாருங்க."

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் என் பாட்டு போய் மாட்டியது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். சந்தர்ப்பம் கிடைக்கும்போதெல்லாம் இதைச் சொல்வேன், இப்போதும் சொல்லிவிட்டேன். கல்லூரியில் தமிழ் படித்துக்கொண்டிருந்தேன். அம்மா நொச்சிக்குப்பத்தில் சாலையோரம் மீன் விற்பவள். எழுதப் படிக்கத் தெரியாது. பழைய பாட்டுகள் அவளுக்கு மனப்பாடம். ஆனால் மெஷின் வந்து வாரம் ஒரு பாட்டு மாறத் தொடங்கியபின், சுவரில் விழுவதெல்லாம் அவளுக்குக் கோலம்தான். சும்மா உதட்டை அசைத்துக்கொண்டு நிற்பாள். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அவளும் பாட வேண்டும் என்றே ஒரு பாட்டு எழுதினேன்.

அதாவது, மூன்றாவது சரணத்தை அதற்காக எழுதினேன். முதல் இரண்டும் என் படிப்புக்காக. "அண்ட சராசரம் ஆளும் அநாதியே" என்று தொடங்கி, அகராதி இல்லாமல் யாரும் நெருங்க முடியாது. மூன்றாவது இப்படி:

வலையை விரிச்சேன் வெறுங்கை
வந்து நின்னீர் கரையில
கூடை நிறைஞ்சு போச்சய்யா
கூப்பிட உம்பேர் போதுமய்யா.

ஒரு வாரம் அம்மா மீன் ஆயும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பாடிப் பாடி மனதில் ஏற்றினேன். அவள் சும்மா இருப்பாளா? "எம் பொண்ணு பாட்டு கட்டிக்கீது. ஞாயித்துக்கெழம நானும் பாடப்போறேன், வந்து பாருங்கடி" என்று குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டாள். மீன்கார அக்காமார் ஒரு கூட்டமே வருவதாக முடிவாயிற்று. இரண்டு சரணத்தோடு இந்த மனிதர் கத்திரியை எடுத்தால், அத்தனை பேர் முன்னால் அம்மா என்ன ஆவாள்?

சனிக்கிழமை பயிற்சிக்கு ஒரு வஞ்சிரத்தோடு போனேன்.

"அங்கிள், மூணாவது சரணத்துல மட்டும் கை வெச்சிடாதீங்க. எங்கம்மா பாடறதுக்குன்னே எழுதினது."

"நான் யாரும்மா வெட்டறதுக்கு? ஜனம் வெட்டும்." மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார். "நல்லா ஃப்ரெஷ்ஷாதான் கீது. ஆனா மீன் வேற, ஷோ வேற."

மீனை மட்டும் திருப்பித் தரவில்லை.

ஞாயிறு வந்தது. பளபளவென்று புடவை கட்டி, கனகாம்பரம் வைத்து, அம்மாவின் படை மூன்றாவது வரிசையைப் பிடித்தது. பிரேம் என் பாட்டை ஆரம்பித்தான். வழக்கம்போல எட்டாத சுருதி. "அண்ட சராசரம்" என்று சபை இழுத்த இழுப்பில் எனக்கே யாரோ பாறை உருட்டுவதுபோல் கேட்டது. இரண்டாவது சரணத்தில் தண்ணீர்ப் பானைக்கு வரிசை சேர்ந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். அங்கிளின் கை ஷீட்டை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

ஓடினேன். ஷீட்டின்மேல் பொத்தென்று கையை வைத்து அமுக்கினேன்.

ஐந்து விரலும் சுவரில் பனைமரம்போல் எழுந்தன. முன்வரிசையில் ஒரு சகோதரி, "கரம்! கரம் தெரியுது! அல்லேலூயா!" என்று கத்தினாள். அத்தனை பேரும் கையைத் தூக்கினார்கள். தண்ணீர் வரிசை அப்படியே முழங்காலில் விழுந்தது. அங்கிளின் கையும் வந்து சேர்ந்து சுவரில் இரண்டு கரங்கள் மல்லுக்கு நின்றதும் பாஸ்டரே கண்ணீர்விட்டார். கண்ணை மூடியிருந்த பிரேம் எல்லாம் தன் கிடாரின் மகிமை என்று இன்னும் வேகமாக அடித்தான்.

"கைய எட்றீ!" என்று அங்கிள் பல்லைக் கடித்தார்.

"முடியாது! மூணாவது சரணம் பாடாம இந்த ஷீட் நகராது!"

"அட லூசு! மூணாவத போடத்தான் இத உருவறேன்! நீ அமுக்கினு கீறது ரெண்டாவது!"

கையை எடுத்தேன். புது ஷீட் விழுந்தது. யாருக்கும் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அப்போது மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு குரல் எழுந்தது. சுவரைப் பார்க்கவே இல்லை அம்மா. நேராக நிமிர்ந்து, கடற்கரையில் ஏலம் கூறுகிற அதே குரலில், "வலையை விரிச்சேன் வெறுங்கை" என்றாள். பிரேம் மிரண்டுபோய் அவள் சுருதிக்கு இறங்கினான். அக்காமார் கூடவே கை தட்டினார்கள். இரண்டாவது சுற்றில் சபை முழுக்கப் பாடியது. அங்கிள் ஷீட்டை எடுக்கவே இல்லை. பாஸ்டர் வேதப் புத்தகத்தைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றார்.

"ஓடுது பாஸ்டர். ஓடற படத்த தூக்கக் கூடாது."

எல்லாம் முடிந்து அம்மா அக்காமாரோடு கெத்தாகப் படியிறங்கிப் போனாள். நான் மட்டும் சண்டைக்கு நின்றேன். என் இரண்டாவது சரணம் பாதியில் போனதே! அங்கிள் ஈரத்துணியை என் கையில் திணித்தார். ஷீட் விலை அதிகம் என்பதால், வாராவாரம் எழுத்தைத் துடைத்துவிட்டு அதிலேயே அடுத்த வாரப் பாட்டை எழுதுவோம். முதல் ஷீட்டை ஒரு தேய்ப்புத் தேய்த்தேன். அண்ட சராசரம் அப்படியே துணியோடு வந்துவிட்டது. மூன்றாவது சரணம் இருந்த இரண்டாவது ஷீட்டைத் தேய்த்தேன். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.

"அங்கிள், இது போகவே மாட்டேங்குது."

"எப்டி போவும்? நேத்து ப்ராக்டிஸ்ல கேட்டவொடனே அழியாத மையில எழுதிட்டேன்" என்றவர், என் முகத்தைப் பார்க்காமல், "மேட்னிக்கு டைம் ஆச்சு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று படியிறங்கிப் போய்விட்டார்.

அதன்பிறகும் எத்தனையோ பாட்டுகளுக்காக ஆபரேட்டர் அங்கிளோடு சண்டை போட்டிருக்கிறேன். அவற்றில் ஒன்றில்கூட நான் ஜெயிக்க வேண்டும் என்று நினைத்ததில்லை.