நாலாம் மூலையில் மாமி

கொழும்பில் வெள்ளவத்தை அடுக்குமாடிகளில் இருக்கிற எங்களுக்கு உலகம் என்பது வீட்டு ஹோல்தான். பிறந்தநாள் அங்கேதான், நவராத்திரிக் கொலு அங்கேதான், செத்தல் மிளகாய் காய்வதும் அங்கேதான். ஆகவே கூடாரம் அடிக்கப் பழகியபோது அதையும் நான் ஹோலிலேயே பழகினேன். இதை இப்போது வெட்கமில்லாமல் சொல்கிறேன். (அன்றைக்கு வெட்கமாகத்தான் இருந்தது.)

எல்லாத்துக்கும் காரணம் கனடாவிலிருந்து வந்திருந்த என் மனைவியின் தம்பி ரமணன். அங்கே கோடை வந்தால் ஏரிக்கரையில் கூடாரம் அடித்துத் தங்குவானாம். கரடிகூட வருமாம். கேட்டுக்கேட்டுக் காது புளித்த நான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வீறாப்பாகச் சொன்னேன்: "இஞ்சயும் மலை இருக்கு, கடல் இருக்கு, சிகிரியா இருக்கு. நாங்களும் கூடாரம் அடிச்சுத் தங்கித்தான் சுத்திப் பாக்கப் போறம்."

அவன் சோற்றில் பருப்பைக் குழைத்தபடி, "இஞ்ச அதெல்லாம் சரிவராது அத்தான். நல்ல ஹோட்டலா ஒண்டு பாப்பம்" என்றான்.

அந்தச் "சரிவராது" எனக்குச் சுட்டது. என் மானம் போனாலும் பரவாயில்லை, நாட்டின் மானத்தையுமல்லவா சேர்த்துக் குழைத்துவிட்டான்! அடுத்த நாளே புறக்கோட்டைக்குப் போய்க் கூடாரம் ஒன்று வாங்கி வந்தேன்.

எங்கள் ஹோலில் மாபிள் தரை. கூடாரத்தோடு வந்த கம்பி முளைகளை அதில் அடித்தால் கீழ்வீட்டுக்காரர் பொலிசுக்குப் போவார். அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. ஒரு கயிற்றைப் பிரிஜ்ஜில் கட்டினேன். மற்றதைச் செற்றியில், அடுத்ததைக் குளியலறைக் கதவுப் பிடியில், கடைசியைப் புத்தக அலுமாரியின் காலில். கூடாரம் ஜம்மென்று நின்றது. மின்விசிறியை முழு வேகத்தில் விட்டுப் பார்த்தேன், அசையவில்லை. ("புயலுக்கும் தாங்கும்" என்று மனைவி சுகந்தியிடம் சொன்ன அறிவாளி நான்தான்.) சும்மா கிடந்த முளைகளை எங்களோடு இருக்கும் மாமியிடம், அதாவது சுகந்தியின் அம்மாவிடம், கொடுத்தேன். அவர் பல்கனிச் சட்டிகளில் ஊன்றிப் பசளிக் கீரைக் கொடிக்குக் கயிறு கட்டினார்.

புறப்படும் நாளில் மாமி அரிசி மூட்டை, உரப்பை நிறையத் தேங்காய், பெரிய தண்ணீர்க் கலன், தான் உட்கார ஒரு கதிரை என்று வாடகைக்குப் பிடித்த வானுக்குள் ஏற்றிக்கொண்டே இருந்தார்.

"மாமி, கூடாரம் அடிக்கப் போறதெண்டா சாமான் குறைச்சுத்தான் கொண்டு போறது."

"அப்ப சாப்பாடும் குறைச்சுத்தான் சாப்பிடுவியளோ தம்பி?"

சிகிரியாக் குன்றில் ஏறி இறங்கிவிட்டுப் பின்னேரம் மாத்தளைப் பக்கம் ஒரு மலைக்கு வந்தோம். வானைக் கீழே வீதியில் விட்டுவிட்டு, அந்தச் சாமான் முழுவதையும் முணுமுணுத்தபடி மேலே சுமந்தவனும் நான்தான்.

மேலே வெறும் புல்வெளி. மரம் இல்லை, கல் இல்லை. காற்று மட்டும் தாராளம். கூடாரத்தை விரித்து, கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டுவதற்குப் பிரிஜ்ஜைத் தேடினேன். சத்தியமாகத் தேடினேன்.

"அத்தான், முளை எங்க?" என்றான் ரமணன்.

"பசளிக்குள்ள" என்றேன்.

அதற்குள் கூடாரம் காற்றுக் குடித்துக் கிளம்பிவிட்டது. காலிமுகத்திடலில் நாங்கள் பட்டம் விடுவோம். இங்கே பட்டம் என்னை விட்டது. புல்லில் வயிறு தேய இழுபட்டுப் போனேன். சுகந்தி என் காலைப் பிடித்துத்தான் நிறுத்தினாள். ரமணன் சிரிக்கவில்லை. தொலைபேசியை எடுத்து, "நான் கிட்ட ஒரு ஹோட்டல் பாக்கிறன் அத்தான்" என்று மிகவும் அன்பாகச் சொன்னான். சிரித்திருந்தாலாவது தாங்கியிருப்பேன்.

அப்போதுதான் மாமி வாய் திறந்தார். "ஏன் தம்பி, பிரிஜ் இல்லாட்டி என்ன? அரிசி மூட்டை பாரம் காணாதோ?"

ஒரு கயிற்றை அரிசி மூட்டையில் கட்டினோம். இன்னொன்றைத் தேங்காயில், மூன்றாவதைத் தண்ணீர்க் கலனில். நாலாம் மூலைக்குப் பாரமாக எதுவும் மிஞ்சவில்லை. மாமி தன் கதிரையைக் கொண்டுவந்து போட்டார். கயிற்றை அதன் காலில் கட்டச் சொன்னார். சேலையை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்தார்.

"தேத்தண்ணியைக் கொண்டாங்கோ. காத்து அடங்குமட்டும் நான் எழும்பன்."

கூடாரம் நின்றது! ரமணன் தொலைபேசியைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு, "சரிவரும் போலதான் கிடக்கு" என்றான். எனக்கு அழுகை வரப் பார்த்தது. வயிற்றில் சிராய்ப்பு எரிந்தாலும் மலை முழுக்க எனக்கே சொந்தம் போல இருந்தது.

அடுத்தநாள் திருகோணமலைக் கடற்கரை. மணலில் மற்றவர்களின் முளைகளெல்லாம் கழன்று வர, எங்கள் கூடாரம் மட்டும் அசையாமல் நின்றது. மாமி நாலாம் மூலையிலிருந்து கடலை மேற்பார்வை பார்த்தார். பக்கத்துக் கூடாரத்துப் பொடியன்கள் வந்து தேங்காய் இரவல் கேட்டார்கள். (கொடுத்தோம். பெருமையோடு கொடுத்தோம்.)

இன்றைக்கும் பக்கத்திலிருக்கிற கல்கிசைக்குக் கடல் பார்க்கப் புறப்பட்டாலும், "பிரிஜ் ஏத்தியாச்சோ?" என்று சுகந்தி கேட்காமல் கதவு பூட்டமாட்டாள். முளைகள் இன்னும் பசளிக்குள்தான் நிற்கின்றன.

போன கோடையில் ரமணன் கனடா ஏரிக்கரையிலிருந்து வீடியோ அழைப்பு எடுத்தான். பின்னால் அவனுடைய விலையுயர்ந்த கூடாரம். அதன் மூலையில் ஓர் அரிசி மூட்டை.

"இஞ்ச இண்டைக்குக் காத்து கொஞ்சம் கூட அத்தான்" என்று அசடு வழிந்தான்.

மாமி என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "நாலாம் மூலையில என்ன வச்சிருக்கிறாய்?"

ரமணன் மெதுவாகக் கமெராவைத் திருப்பினான். அங்கே அவனுடைய மாமியார், குளிர்ச்சட்டையும் தொப்பியுமாக, கையில் தேத்தண்ணியோடு கதிரையில் இருந்தார்.

எங்கள் மாமி தொலைபேசியைப் பறித்துக்கொண்டு கத்தினார்: "சம்மந்தி, காத்து அடங்குமட்டும் எழும்பிப் போடாதேங்கோ!"