வார்னிஷ் அடித்த வளையம்

நாற்பது வருஷம் தச்சு வேலை பார்த்ததில் என் கையால் செய்த எதுவும் கோணிப்போனதில்லை. ஒரே ஒரு முறை, பொருள் ஒழுங்காக இருக்க, நான் கோணிப்போனேன்.

அறுபதுகளின் கடைசி. காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டில் கதவு பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். கதவைத் தூக்கிக்கொண்டு பின்பக்கமாக நடந்தவன் (முன்பக்கமாக நடந்தாலும் எனக்குக் கவனம் அவ்வளவுதான்), தரையில் கிடந்த பிளாஸ்டிக் வளையத்தை மிதித்து இரண்டாக்கிவிட்டேன். அந்த வீட்டு ஆறு வயது வள்ளிக்கு அவள் அப்பா பினாங்கிலிருந்து கொண்டுவந்தது. இடுப்பில் மாட்டி ஆட்டினால் கீழே விழாமல் சுற்றும்.

வள்ளி அழுதாள். "ஞாயித்துக்கிழமை தேவகோட்டைப் பிள்ளைக வாராக. விடாம அம்பது சுத்து சுத்துறேன்னு பந்தயம் கட்டியிருக்கேன்!"

"அழாதீக ஆத்தா. அதைவிட நல்லதா நான் செஞ்சு தாரேன்."

நாக்கு செய்த வேலை அது. இருந்தது மூன்றே நாள். பிரம்பை ஊறவைத்து, வளைத்து, மூட்டு தெரியாமல் பொருத்தி, முதல் நாளே முடித்துவிட்டேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் குடும்பத்தில் கட்டில் செய்தால் படுத்துப் பார்த்து, நாற்காலி செய்தால் உட்கார்ந்து பார்த்துத்தான் கொடுப்போம்.

வீட்டு வாசலில் நின்று வேட்டியை மடித்துக் கட்டி, வளையத்தை மாட்டி ஆட்டினேன். தொப்பென்று காலடியில் விழுந்தது. சொரசொரப்புதான் தடுக்கிறது என்று முடிவு கட்டி, உப்புத்தாளால் தேய்த்தேன். இன்னும் வேகமாக விழுந்தது. மறுபடி தேய்த்து, வார்னிஷ் அடித்து, ஒரு நாள் காயவைத்தேன். இப்போது நான் கையை விடுவதற்கு முன்பே விழுந்தது.

"என்னங்க, நீங்க வளையத்த ஆட்டுறீகளா, அது ஒங்கள ஆட்டுதா?" என்றாள் என் மனைவி கனகு.

ரோஷத்தில் இடுப்பை ஒரு வெட்டு வெட்டினேன். 'மளுக்' என்றது.

ஞாயிறு காலை கனகுவின் தோளைப் பிடித்துக்கொண்டு, கீழே விழுந்த ஆணியைத் தேடுபவனைப் போலக் குனிந்தபடியே போய்ச் சேர்ந்தேன். வள்ளி ஆசையாக மாட்டிச் சுழற்றினாள். சர்ரென்று வழுக்கி விழுந்தது. மறுபடியும் விழுந்தது. தேவகோட்டைப் பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தார்கள். வள்ளியின் உதடு பிதுங்கியது. ஒரே குழந்தையை இரண்டாவது முறையும் அழவைக்கப்போகிறேன் என்று தெரிந்துபோயிற்று.

கனகு வளையத்தைத் தடவிப் பார்த்தாள். "கண்ணாடி கணக்கா தேச்சு வச்சா இது எங்குட்டு நிக்கும்?" என்றபடி என் தோளில் கிடந்த துண்டை உருவினாள். நீளநீளமாகக் கிழித்து, வளையம் முழுக்க இறுக்கிச் சுற்றிக் கொடுத்தாள். வள்ளி முறுக்கைக் கடித்துக்கொண்டே அறுபத்திரண்டு சுற்று சுற்றினாள்.

ஆக, குற்றம் வார்னிஷ் மேல்தான் என்று எனக்குப் பெரிய நிம்மதி. இடுப்பு சரியானதும் அதே வளையத்தை வள்ளியிடம் கேட்டு வாங்கிச் சுழற்றினேன். அப்போதும் விழுந்தது.

"ஆசாரி, நீங்க அதையே மொறச்சுப் பாக்குறீக. மூச்ச வேற பிடிச்சுக்கிறீக. நான் வாயில இருந்த முறுக்கத்தான் நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றாள் வள்ளி.

உண்மைதான். அவள் இடுப்பு ஆடியது. என் இடுப்பு அளவெடுத்துக்கொண்டிருந்தது.

இன்றும் நான் எதையாவது வேண்டாத அளவுக்கு மெருகேற்ற உட்கார்ந்தால், கனகு உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "போதும் விடுங்க. இடுப்புல நிக்காது." இந்தக் கட்டுரையை நான்காவது முறையாகத் திருத்த எடுத்தபோதும் அதே குரல் வந்தது. பேனாவை மூடிவிட்டேன்.