மூன்று மண்டை அண்ணை

நியூசிலாந்தின் ஆக்லாந்து முழுக்கச் சலித்தாலும் தன் மூளையைத் துளியும் நம்பாத மனிதர் ஒரே ஒருவர்தான் தேறுவார். ஊருக்குத் தெற்கே, புக்கெகோஹியில் வெங்காயம் தரம் பிரிக்கும் கூடத்தில் அவர் என் பக்கத்தில் நின்றார். நாங்கள் வைத்த பெயர் மூன்று மண்டை அண்ணை.

யாழ்ப்பாணத்தில் உயிரியல் படிப்பித்தவர். "மூளை உண்மையைக் கண்டுபிடிக்க உண்டானதில்லை, தம்பி. புலியிட்ட இருந்து தப்ப உண்டானது. அதின்ர கதையைத் தனிய நம்பலாமோ?" என்பார். ஆகவே எதற்கும் இன்னும் இரண்டு மண்டை வேண்டும். தொப்பலாக நனைந்து வந்து நின்று, "வெளியில மழைதானே?" என்று என்னையும், எதிரே நிற்கும் மலேசியா அக்காவையும் கேட்பார். த்ரீ கிங்ஸ் கடைத்தெருவில் சப்பாத்து வாங்கப் போனவர், அது காலைக் கடிக்கிறதா என்று முன்பின் தெரியாத இருவரைப் போட்டுப் பார்க்கச் சொன்னாராம்.

ஒருநாள் மடக்கினேன். "மூளையை நம்பக்கூடாதுன்னு சொல்றதும் உங்க மூளைதானே அண்ணே?"

"ஓம். அதையும் ரெண்டு பேரிட்டக் கேட்டனான். ஒராள் சரியெண்டார். மற்றது என்ர மனிசி. போய் வேலையைப் பாருங்கோ எண்டா."

வேலையில்தான் வினை வந்தது. சந்தேகமான வெங்காயம் வந்தால் சிவப்புப் பொத்தானை அமுக்கி, வெங்காயம் ஓடும் பெல்ட்டையே நிறுத்தி, எங்களிடம் காட்டுவார். ஒரே காலையில் ஏழு முறை நிறுத்தியதும் மேற்பார்வையாளர் பொறுமை இழந்தார். இன்னொரு தடவை அதில் கை வைத்தால் வேலை இல்லை என்றார். அண்ணையின் விசாவே அந்த வேலையில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. அதன்பிறகு பாவம், புருவத்தாலேயே கேட்டார். நாங்கள் பதில் சொல்வதற்குள் வெங்காயம் போய்விடும்.

அந்த வியாழக்கிழமை என் சட்டைக்கை பெல்ட்டுக்குள் மாட்டியது. இழுத்தேன், கிழிந்ததே தவிர வரவில்லை. நான் கத்துவதற்கு முன்பே இயந்திரம் நின்றது. பொத்தானின் மேல் அண்ணையின் கை.

"யாரையும் கேக்கலையே அண்ணே?" அதுதான் முதலில் வாயில் வந்தது.

"உயிர் தப்புற விசயத்தில மண்டையை நம்பலாம். அதுக்குத்தானே அது உண்டானது."

"மாட்டுனது உங்க உயிர் இல்லையே?"

அண்ணை பொத்தானிலிருந்து கையை எடுத்தார். "ஓம். அதுதான் எனக்கும் விளங்கேல்லை."

ஓடிவந்த மேற்பார்வையாளர் கிழிந்த சட்டைக்கையைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். நாளைக்கு வழக்கமான நேரத்துக்கு வா என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போனார்.

அண்ணை எங்கள் பக்கம் திரும்பினார். "நாளைக்கு வரச் சொல்லித்தானே சொன்னவர்?"

"வரச் சொன்னாருலா," என்றார் மலேசியா அக்கா.

"ஆமா அண்ணே," என்றேன். அவ்வளவு மனம் நிறைந்து நான் இதுவரை யாருக்கும் ஆமா சொன்னதில்லை.