கைபேசிக்குள் ஒரு காசு

"இனிமே இந்த வீட்ல சண்டையே கிடையாது. காசு சொல்லும், நாம கேப்போம்."

தராசுக்காரர் இப்படி அறிவித்தபோது அவருடைய மனைவி, மாமனாரின் படுக்கை விரிப்பைப் பிழிந்துகொண்டிருந்தாள்.

"எந்தக் காசு?"

"போன்ல இருக்கு. தொட்டா சுத்தும், விழும். தலை விழுந்தா நான் ஜெயிச்சேன், பூ விழுந்தா நீ. மனுஷக் கை படாத நியாயம்!"

"உங்க விரல் படுமே?"

"அது தொடுறதுக்கு மட்டும்."

தராசுக்காரர் என்பது தெரு வைத்த பெயர். கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துவது அவர் உத்தியோகம். ஊரில் எங்காவது ஒரு கிராம் குறைந்தால் அவருக்குத் தூக்கம் வராது. வீட்டில் மட்டும் அமோகமாக வரும்.

எட்டு மாதமாக அவருடைய அப்பா உள்ளறையில் கிடந்தார். பக்கவாதம். பேச்சு போய்விட்டது, காது போகவில்லை. காலையும் மாலையும் எல்லாம் மருமகள்தான். மகன் நிலைப்படி வரை வருவார், "நல்லாருக்காரா?" என்று மனைவியிடம் விசாரிப்பார், திரும்பிவிடுவார். வாடை ஆகாது என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் பயம். அந்தக் கண்களைப் பார்த்தால், கட்டிலில் கிடப்பது தானே என்று தோன்றும்.

யார் குளிப்பாட்டுவது, யார் முதுகுப் புண்ணுக்கு மருந்து போடுவது என்று தினமும் காசு சுழன்றது; தோற்றவருக்கு வேலை. அது மேடையில் வித்தை காட்டுகிறவர்களுக்காகச் செய்த செயலி. பத்துக்கு எத்தனை முறை தலை விழ வேண்டும் என்று உள்ளே போய் முன்கூட்டியே வைத்துவிடலாம். அவர் எட்டு வைத்திருந்தார். தொழில் அனுபவம். எப்போதும் ஏமாற்றுகிற தராசு ஒரே வாரத்தில் மாட்டிக்கொள்ளும். அவ்வப்போது ஒழுங்காக நிறுக்கிற திருட்டுத் தராசு ஆயுசுக்கும் ஓடும். பூ விழுந்த நாள்களில், பகலில் அப்பாவைப் பார்த்துக்கொண்ட ஆயாவுக்குக் கூடுதல் பணம் கொடுத்துத் தன் வேலையைச் செய்யவைத்தார்.

மூன்று மாதம் ஓடியது.

பிறகு, அந்த ஆயா இடுப்புவலி என்று நின்றுவிட்டாள். அதே வாரம் மனைவிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் தலைமைப் பொறுப்பு வந்தது. பத்து வருடம் அடுத்தவர் கையில் நரம்பு தேடியதற்குக் கிடைத்த பலன். திங்கட்கிழமை ஏற்காவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். யாராவது ஒருவர் ஒரு வருட விடுப்பில் வீட்டோடு இருந்தாக வேண்டும்.

"காசையே கேட்டுடலாம்," என்றார் தராசுக்காரர் பெருந்தன்மையாக.

ஞாயிற்றுக்கிழமை குளியலறைக்குள் தாழ் போட்டுக்கொண்டு, எட்டைப் பத்தாக்கினார்.

"வாங்க, மாமா ரூம்ல சுண்டலாம்," என்றாள் மனைவி.

"அங்க எதுக்கு?"

"அவர் விஷயம்தானே. அவரும் பாக்கட்டும்."

வேறு வழியில்லை. நிலைப்படியைத் தாண்டினார். மூச்சை இறுக்கிப் பிடித்துக்கொண்டு கைபேசியை எடுத்தார்.

"ஒரு நிமிஷம்ங்க. ஒரு தராசு சரியா இருக்கான்னு எப்படிப் பாப்பீங்க?"

தொழில் கேள்வி. அவருக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "இந்தத் தட்டுல இருக்கறத அந்தத் தட்டுக்கு மாத்திப் பாக்கணும். நல்ல தராசுன்னா எப்படி மாத்தினாலும் ஒரே மாதிரிதான் காட்டும்."

"அப்ப இன்னிக்கு தலை எனக்கு. பூ உங்களுக்கு."

நிமிர்ந்த நெஞ்சு அப்படியே நின்றது. "அதெப்படி! தலைதான் எனக்கு ராசி."

"மனுஷக் கையே படாத காசுக்கு ராசி என்னங்க ராசி?"

"சார்ஜ் கம்மியா இருக்கு."

"இந்தாங்க சார்ஜர்."

"ரெண்டு நிமிஷம் பாத்ரூம் போயிட்டு வந்துடறேன்."

"தாராளமா. போனை இங்க வெச்சுட்டுப் போங்க."

அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த முகத்தில் கண்கள் மட்டும்தான் வேலை செய்தன. இப்போது முழு நேரமும் வேலை செய்தன.

அவளே தொட்டாள். காசு சுழன்றது. தலை.

"மூணுல ரெண்டு!" என்றார் அவர்.

தலை.

"அஞ்சுல மூணு!"

தலை.

"ரொம்பத் தெளிவான காசுங்க," என்றாள் அவள்.

செல்லாது, இது பொய்க் காசு என்று கத்த வாய் வரை வந்தது. கத்தினால் மூன்று மாதத்துக்கும் பதில் சொல்ல வேண்டும், அதுவும் அப்பாவின் முன்னால்.

"சரி. நானே இருக்கேன்."

அப்பாவின் கண்ணோரம் நீர் இறங்கியது. மனைவி குனிந்து துடைத்தாள். "கேட்டீங்களா மாமா? உங்க புள்ளையே பாத்துக்கறாராம்."

மறுநாள் காலை அவள் தோளில் பையை மாட்டிக்கொண்டு, எந்தக் களிம்பு எங்கே, எத்தனை மணிக்கு எந்தப் பக்கம் புரட்டிப் படுக்க வைப்பது என்று ஒப்பித்தாள். அவர் தலையாட்டினார். பிறகு மனசு கேட்காமல் வாசல் வரை பின்னாலேயே போனார்.

"ஒருவேளை பூ விழுந்திருந்தா?"

"அப்பவும் போயிருப்பேன். வியாழக்கிழமையே உங்க மேலதிகாரிகிட்ட பேசி உங்க லீவுக்குச் சம்மதம் வாங்கிட்டேன்."

"அப்ப எதுக்குடி காசைச் சுண்டினே?"

அவள் உள்ளறையை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானே இருக்கேன்னு உங்க வாயால சொல்றத அந்த மனுஷன் காதால கேக்கட்டுமேன்னுதான்."