மருமகன் கிஷோரைக் குளிர்கிடங்குக்கு அனுப்ப வேண்டாம்

மரியாதைக்குரிய மாப்பிள்ளை நடேசன் அவர்களுக்கு,

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஹேமநாதன் எழுதுவது. இங்கு மூக்கு ஒழுகுவது தவிர மற்றபடி நலம். அங்கு என் தங்கை, பிள்ளைகள், உங்கள் முழங்கால் எல்லாம் நலமா? போனில் சொன்னால் தங்கச்சி ஸ்பீக்கரில் போட்டுத் தெருவுக்கே கேட்க வைப்பாள் என்றுதான் கடிதம்.

உங்கள் மகன் கிஷோருக்கு நான் வேலை செய்யும் கரையான்சாவடி குளிர்கிடங்கில் இடம் கேட்டிருந்தீர்கள். தயவுசெய்து அனுப்பிவிடாதீர்கள். மீனும் ஐஸ்கிரீமும் உறைந்து கிடக்கும் அறையில் நாள் முழுக்கப் பெட்டி அடுக்க வேண்டும், கம்பெனி கொடுத்த கனத்த கோட்டைப் போட்டுக்கொண்டு எப்படியோ சமாளித்தோம், அதையும் இப்போது பிடுங்கிவிட்டார்கள், காரணம் என் வாய். விலங்கியல் படிக்கும் என் மகள் ரேஷ்மா ஒருநாள் சாப்பிடும்போது, பாலூட்டிகளின் உயிரணுவுக்குள் சின்னச் சின்ன அடுப்புகள் உண்டு, தின்றதை எரித்து உழைக்கத் தெம்பு தருவது அவைதான், குளிர் பழகப் பழகப் பழுப்புக் கொழுப்பு பெருகி அதிலுள்ள அடுப்புகள் தெம்பாகச் சேர்க்காமல் வெறும் சூடாகவே விட்டுவிடும், அப்புறம் அவ்வளவாக நடுங்கத் தேவையில்லை என்றாள். அது எலிக்குத்தான் ஏராளம், வளர்ந்த மனுஷனுக்குக் கழுத்தோரம் கொஞ்சம் என்றும் சொன்னாள். நான் முதல் பாதியை மட்டும் டீ குடிக்கும்போது மேனேஜர் ஜெகன் எதிரில் அளந்துவிட்டேன். மறுநாளே யாருக்கும் கோட்டு கிடையாது என்று உத்தரவு. கேட்கப் போனால், "நீதானே சொன்ன, உள்ளயே அடுப்பு கீதுன்னு. அப்பால கோட்டு இன்னாத்துக்கு?" என்கிறார்.

என்னோடு பெட்டி தூக்கும் செல்வகுமாருக்குச் சில நாளில் நடுக்கம் நின்றுவிட்டது. உடம்பு பழகிவிட்டது என்று மேனேஜர் கைதட்டினார். கொஞ்ச நேரத்தில் அவருக்குப் பேச்சு குழறி, மீன் பெட்டி மேலேயே சாய்ந்துவிட்டார். உறைந்துபோன இரண்டு விரல்களை ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். அவர் சம்சாரம் சரசா என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். "அண்ணாத்தே, உன் பொண்ணு படிச்ச பொண்ணாச்சே. எடுத்த வெரலு திரும்ப வளருமான்னு கேட்டுச் சொல்றியா?" என்றாள். அங்கேயே செத்துவிடலாம் போலிருந்தது.

ஆகவே நானும் வேலையை விடுகிறேன். உங்கள் திருநின்றவூர் பக்கம் காவலாளி வேலை இருந்தால் சொல்லுங்கள், வெயிலில் நிற்கிற வேலையானால் ரொம்ப உத்தமம். கிஷோர் வேறு எங்கு வேண்டுமானாலும் போகட்டும், இங்கு மட்டும் வேண்டாம்.

தங்கைக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசிகள். அம்மன் எல்லோரையும் கதகதப்பாக வைத்திருக்கட்டும்.

இப்படிக்கு,
ஹேமநாதன்

பி.கு.: கவரை ஒட்டும் முன் மேனேஜர் கூப்பிட்டனுப்பினார். இனி நான் பெட்டி தூக்க வேண்டாமாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அந்த அடுப்பு விஷயத்தை எடுத்துச் சொல்வதுதான் வேலை, மேசை நாற்காலியோடு. வகுப்பு குளிரறை வாசலில் என்பதால் எனக்கு மட்டும் கோட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். ரேஷ்மா என்னோடு பேசுவதில்லை. செல்வகுமார் இடம் காலியாகத்தான் இருக்கிறது, கிஷோரைத் திங்கட்கிழமையே அனுப்பிவையுங்கள். வயசுப் பிள்ளை, பழகிவிடும்.