சாருக்கு நெய்த வேட்டி

"இனிமே பள்ளிக்கூடம் போகமாட்டேன். தறியிலயே உக்காந்துக்கிறேன்."

ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் சௌடேஸ்வரி, வீட்டில் ஈசுவரி, பையை மூலையில் எறிந்தாள். தறியில் இருந்த சௌடப்பனுக்குக் கை ஓடவில்லை. அருப்புக்கோட்டையில் கன்னடம் பேசும் அவர்கள் நெசவாளர் தெருவிலிருந்து ஒன்பதாவது வரை போன ஒரே பெண் அவருடைய மகள்தான்.

"யாரு என்ன சொன்னாக?"

"கணக்கு சார்தான். இத்தன பேர்ல தினமும் என்னையத்தான் எழுப்பிவிடுறாரு. போர்டுல தப்பாப் போட்டா திரும்பத் திரும்பப் போடணும். எல்லாரும் சிரிக்காளுக."

மறுநாளே மகளோடு பள்ளிக்கூடத்தில் கணக்கு சார் முன்னால் போய் நின்றார் சௌடப்பன். சார் எங்கோ வடக்கேயிருந்து மாற்றலாகி வந்தவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் குடியிருந்தார். நெசவாளர் தெருவுக்குள் அவர் கால் வைத்ததே இல்லை.

"பிள்ளை பயப்படுது சார். கொஞ்சம் பார்த்துச் செய்யணும்" என்று தமிழில் சொல்லிக் கும்பிட்டார்.

கையோடு, நூல் கடைக்காரரை எதிரில் வைத்துக்கொண்டே, அவருக்குப் புரியாதென்று மனைவியிடம் கன்னடத்தில் கேலி பேசும் பழக்கத்தில், மகளுக்கும் வீட்டுப் பாஷையில் தைரியம் சொன்னார்.

"நல்லாப் பாரு, ஆட்டு மூஞ்சி. தாடி ஒண்ணுதான் கொறை. இதுக்கா பயந்தே?"

ஈசுவரி பக்கென்று சிரித்துவிட்டாள். சார் கையிலிருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயம் போய்விட்டது. ஆனால் அடுத்த வாரமே ஈசுவரி மறுபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"சார் இப்ப என் பக்கமே திரும்ப மாட்றாரு."

"நல்லதுதானே?"

"இல்லப்பா. நேத்து ஒரு கணக்கு எனக்கு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. கை தூக்கினேன். கேக்கவே இல்ல."

சௌடப்பன் தன் கையால் நெய்த வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு மகளோடு கிளம்பினார்.

"முன்ன மாதிரியே எழுப்பிக் கேளுங்க சார்."

"கேக்குறேன். வேட்டியெல்லாம் வேண்டாங்க" என்றார் சார்.

சௌடப்பனுக்குச் சுருக்கென்றது. தறிக்காரனுக்கு அவன் நெய்த துணியைத் திருப்பிக் கொடுப்பதைவிட அவமானம் ஏது? மகளிடம் கன்னடத்தில் பொருமினார்.

"ஆட்டு மூஞ்சிக்குப் பட்டு வேட்டிதான் வேணும்போல!"

"சும்மா இருப்பா" என்றாள் ஈசுவரி. இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை.

பரீட்சை முடிந்ததும் பள்ளிக்கூடத்துப் பியூன் ஆண்டிச்சாமி வழியில் பார்த்துச் சொன்னார்.

"கணக்கு சார் நரிக்குடிக்கு மாத்தலாகிப் போறாக. அவுகளாவே கேட்டு வாங்கிட்டாக."

அன்றைக்கு ஈசுவரி சாப்பிடவில்லை. "என்னைய எழுப்பிக் கேட்டவரு அவர் ஒருத்தர்தாம்ப்பா" என்று அழுதாள். சௌடப்பன் தன்னையே நொந்துகொண்டார். நாம் போய்ப் போய் நின்றதில்தான் மனுஷன் வெறுத்துப்போனாரோ? பிள்ளைக்கு உதவுகிறேன் என்று கிளம்பி, அவளுக்கு இருந்த ஒரு வாத்தியாரையும் ஊரைவிட்டு அனுப்பியாயிற்று.

சார் கிளம்பும் அன்று அதே வேட்டியோடு மகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினார். "ஏதும் தப்பா நடந்திருந்தா மன்னிச்சுக்கிடணும் சார்" என்று ஜன்னல் வழியாக நீட்டினார். இந்த முறை சார் வாங்கிக்கொண்டார். நெசவைத் தடவிப் பார்த்தார்.

"படிப்பை விட்டுடாதம்மா" என்று ஈசுவரியிடம் தமிழில் சொன்னார்.

பக்கத்தில் இருந்த சாரின் மனைவி எட்டிப் பார்த்தார். கணவரிடம் தங்கள் வீட்டுக் கன்னடத்தில் கேட்டார்:

"நம்ம ஜனத்துல ஒரு பொண்ணு, எப்படியாவது காலேஜுக்கு அனுப்பிரணும்னு தினமும் சொல்வீங்களே, இதானா? அப்ப, ஆட்டு மூஞ்சின்னு சொன்னது இவருதானா?"